நடக்கிறார், நடிக்கிறார்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது என் வேலை. 'ட' எழுதி, அதன் தலையில் ஒரு வளைவு போட்டால் 'டி'. அந்த வளைவுக்கு மேல்விலங்கு என்று பெயர். இப்போது யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் சொன்னார், நானும் விடாமல் சொல்கிறேன். இத்தனை வருஷமும் அது எனக்கு வெறும் பெயர்தான். அந்த விலங்கை எடுத்து என் புருஷன் தலையிலேயே மாட்டுவார்கள் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. நடக்கிறார் என்பதற்கும் நடிக்கிறார் என்பதற்கும் நடுவில் அந்த ஒரு வளைவுதான் வித்தியாசம். செஞ்சியில் எங்கள் தெருவும் என் பிறந்த வீடும் கூடிக்கொண்டு அதைப் போட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வைக்க நான் முயற்சி செய்யவும் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு வல்லம் பக்கம் நிலம். வேர்க்கடலை போடுவார், எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பேர்; தண்ணீர் இருந்தால் நெல். வீடு செஞ்சியில் இருப்பதால் தினமும் சைக்கிளில் போய் வருவார். ஆள் வாயாடி. களத்தில் இருந்து கூப்பிட்டால் ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரல்தான் முதலில் சிறுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலும் பாதிதான் காதில் விழும். அப்புறம் முகத்தில் சிரிப்பு நின்றது. அப்புறம் கால்.

வெட்டவெளியில் நடப்பார். வாசற்படி வந்தால் நின்றுவிடுவார். இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னால் போகப் பார்க்கும். பிடித்து இழுத்தால் விழுவார். "சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டால் போச்சு, இன்னும் இறுகும். ஒருமுறை ரேஷன் கடை வாசலில் அப்படி நின்றபோது பின்னால் இருந்து ஒருத்தி, "இன்னா பெரியவரே, கால்ல ஆணி அடிச்சி வெச்சிருக்குதா? நகருவியா மாட்டியா?" என்றாள். வரிசையே சிரித்தது. அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். குரல் வருவதற்குள் எல்லாரும் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

அவருடைய கெட்ட நேரம், கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் ஊர் ஒத்துக்கொண்டிருக்கும். "கை ஆடுனா வியாதின்னு சொல்லலாம். இவருக்குதான் ஒண்ணும் ஆடலியே" என்று எதிர் வீட்டுக்காரம்மா தீர்ப்புச் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. நான் சைக்கிளில் ஏற்றி உட்காரவைத்து ஒரு தள்ளு தள்ளினால் அவர் முன்பு மாதிரியே மிதித்துக்கொண்டு போவார். இறங்கினால் நிற்பார். இதை அவள் தன் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "சைக்கிள் மிதிக்கிற காலுக்கு நடக்கத் தெரியாதாமே. நல்லாத்தான் நடிக்கிறாரு" என்றாள். அந்தச் சொல்லை எங்கள் தெருவில் முதலில் உச்சரித்த வாய் அவளுடையது. அந்த வாயில் மண் விழ என்று நான் வேண்டாத நாள் இல்லை.

பகலில் இப்படி என்றால், விடியற்காலையில் வேறு கூத்து.

விடிகிற நேரத்துக்கு அவருக்குக் கனவில் காட்டுப்பன்றி வரும். மல்லாட்டைக் கொல்லையில் பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் பாதி பயிர் போகும். காலமெல்லாம் அதைத் துரத்தியவர் கனவிலும் துரத்தினார். எல்லாருக்கும்தான் கனவு வருகிறது, பாயில் கிடந்தபடி காண்கிறார்கள். இவர் உடம்பு கனவோடு சேர்ந்து ஓடும். கால் உதைக்கும், கை குத்தும். பகலில் காணாமல் போன குரல் அப்போது முழுசாக வரும். "ஏய்! ஏய்! அந்தாண்ட போ!" என்று தெருவே கேட்கக் கத்துவார். வாசற்படி தாண்டாத அந்தக் கால்கள் படுக்கையில் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் எனக்கே திகைப்பாக இருக்கும்.

பக்கத்தில் படுத்திருப்பது நான்தானே. பன்றிக்கு விழ வேண்டிய குத்து எனக்கு விழுந்தது. ஒருநாள் கண்ணுக்குக் கீழே நன்றாக வீங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். "தூக்கத்துல கைபட்டுடுச்சு" என்று உள்ளதைச் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. கூட வேலை பார்க்கிற டீச்சர் என் தோளைத் தொட்டு, "நாமதான் இப்படிப் புருஷனைக் காப்பாத்தினே இருக்கிறோம்" என்று பெருமூச்சு விட்டார். அடிக்கிற புருஷனை மறைக்கிறவள் சொல்கிற பொய் எப்படி இருக்குமோ, என் உண்மை அப்படியே இருந்தது. எத்தனையோ வீடுகளில் நிஜமாகவே அடி விழுகிறது. அங்கே எல்லாம் கதவு இடித்தது என்றால் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், என் வீட்டுக்கு மட்டும் போலீஸ் ஆனார்கள்.

எங்கள் ஊர் டாக்டர் ஒருத்தர் நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. "டென்ஷன்மா. வயசானா இப்படித்தான்" என்று சத்து ஊசி போட்டு அனுப்பினார்.

மார்கழியில்தான் அது நடந்தது. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பூசணிப்பூ வைக்கலாம் என்று நிமிர்ந்தேன். அவர் வாசற்படியில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். எப்போதையும்விட அன்றைக்குக் கோலம் பெரிது, படியை ஒட்டியே அதன் ஓரக்கோடு. அவர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். கோலத்தை மிதிக்கக் கூடாது என்று பிறந்ததில் இருந்து சொல்லி வளர்த்த உடம்பு அது. மிதிக்காமல் தாண்ட வேண்டும் என்று காலைத் தூக்கினார். கால் வந்தது! அடுத்த கோட்டைத் தாண்டினார். அதற்கடுத்ததையும் தாண்டினார். கோலம் முழுவதையும் கடந்து தெருவுக்கு வந்து நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கோலப்பொடிக் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்கே வீட்டுக்குள் கோடு போட ஆரம்பித்தேன். புள்ளி, பூ ஒன்றும் இல்லை. ஓர் அடி எட்டிவைக்கிற இடைவெளியில் குறுக்குக் கோடுகள். கட்டிலில் இருந்து கூடத்துக்கு, கூடத்தில் இருந்து வாசலுக்கு. எதிர் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள இன்னாம்மா இது, ஜெயில் கம்பி மாதிரி? நல்லதுக்கில்ல" என்றாள். நல்லது எது என்று அவளிடம் கேட்டுக்கொண்டு நான் குடும்பம் நடத்தவில்லை.

பொங்கல் முடிந்ததும் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர். என் வீட்டுக்காரரை நடக்கவைத்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி முதலில் கேட்ட கேள்வி: "தூக்கத்துல கத்துவாரா? கைகால் போடுவாரா?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. கால் பிரச்சினைக்கு வந்த இடத்தில் தூக்கத்தைக் கேட்கிறாரே என்று விழித்தேன். எப்போதிலிருந்து என்றார். யோசித்தால், கால் நிற்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே பன்றிகள் வர ஆரம்பித்திருந்தன.

பார்க்கின்சன் என்றார். கை நடுங்காமலும் அது வருமாம். மூளை கீழே இறங்கி முதுகுத்தண்டோடு சேர்கிற இடத்தில் மூளைத்தண்டு என்று ஒன்று இருக்கிறதாம். அதற்குள் ஒரு சின்ன இடம். "எவ்ளோ பெருசு?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் மல்லாட்டை விவசாயி என்று ஏற்கெனவே சொல்லியிருந்ததால், "மல்லாட்டைப் பருப்புகூட அதவிடப் பெருசு" என்றார். நடக்க ஆரம்பிப்பதற்கும் நடை தடுமாறாமல் போவதற்கும் அதன் உதவி வேண்டும். கனவு வருகிற தூக்கத்திலும் அதற்கு வேலை உண்டு. அதை ஒட்டியே இருக்கிற இன்னொரு இடம், நாம் கனவு காணும்போது கைகாலைக் கட்டிப்போடுகிறது. கனவில் ஓடினாலும் உடம்பு அசையாமல் கிடப்பது அந்தக் கட்டினால்தான். இவருக்கு அந்த வட்டாரமே பழுதாகிக்கொண்டு வருகிறது. அவிழ வேண்டிய பகலில் கட்டிக்கொள்கிறது, கட்டிக்கொள்ள வேண்டிய தூக்கத்தில் அவிழ்ந்துவிடுகிறது. "இதுல எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாதது நிறைய இருக்கும்மா" என்றும் சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் அவரை நம்பினேன்.

கோலத்தைச் சொன்னேன். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "நாங்க தரையில கலர் டேப் ஒட்டச் சொல்லுவோம். உள்ளேருந்து உத்தரவு வரலன்னா, கண்ணுக்கு முன்னால ஒரு கோடோ வரிசையாப் படிக்கட்டோ இருந்தா வேற வழியாக் கால் வந்துடும். அதான் படியேறவும் சைக்கிள் மிதிக்கவும் முடியுது." படுக்கும்போது போட ஒரு சின்ன மாத்திரையும் எழுதினார். தரையில் மெத்தை, நடுவில் தலையணை, நான் எட்டிப் படுக்க வேண்டும் என்றார். மாத்திரைக்குப் பிறகு பன்றிகள் வருவது குறைந்தது, அடியோடு நிற்கவில்லை.

ஊருக்கு வந்து எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொன்னேன். மூளைக்குள் மல்லாட்டைப் பருப்பா என்று சிரித்தார்கள்.

சித்திரையில் கோட்டை மலை மேல் இருக்கிற அம்மனுக்குத் திருவிழா. "ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்றார். அதிசயமாக அவரே வாய் திறந்து கேட்டதால் அழைத்துப்போனேன். கோட்டைக்குள் கூட்ட நெரிசலில் சமதரையைக் கடக்கத்தான் பாடு. குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே நான் முன்னால் போக, அவர் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தார். படிக்கட்டு வந்ததும் ஏறிவிட்டார். கருங்கல் படி ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு கோடு. கூட்டத்தில் இருந்த சொந்தக்காரன் ஒருத்தன் அந்தப் படியேறுவதை மட்டும் செல்போனில் பிடித்திருக்கிறான். கீழே நான் மண்ணில் குனிந்து கோடு கிழித்ததை எவனும் பிடிக்கவில்லை.

அது என் அண்ணனுக்குப் போனது. திண்டிவனத்தில் கடை வைத்திருக்கிறார். நைனா போன பிறகு என்னைப் படிக்கவைத்து, கல்யாணம் கட்டிக்கொடுத்ததெல்லாம் அவர்தான். கண்ணுக்குக் கீழே வீங்கின கதையும் அவருக்கு எட்டியிருந்தது. அந்த வீடியோவை எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டு, மேலே எழுதினார்: 'நல்லா நடிக்கிறார் எங்க மாப்ள.'

சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. என் சித்தி மகள் கைதட்டல் போட்டாள். நான் போனைத் தூக்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன்.

அந்த வாரமே அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சாயங்காலம். காபிகூடக் குடிக்கவில்லை.

"பாப்பா, துணிமணிய எடுத்து வை. கெளம்பு. வேலைக்குப் போவாம நடிக்கிறவன்கூடக் குடும்பம் நடத்திடலாம். அடிக்கிறவன்கிட்ட உன்ன உட்டு வெக்க மாட்டேன்."

"அவுரு அடிக்கலண்ணா. தூக்கத்துல..."

"தூக்கத்துல எவன்யா குறிபாத்துக் கண்ணுல அடிப்பான்?"

என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. அண்ணனுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது.

"கூட்டினு போங்க மச்சான். தூக்கமோ முழிப்போ, அடிக்கிறது என் கைதான."

ஊர் சொன்னதைவிட அதுதான் எனக்குப் பெரிய அடி. எல்லாரும் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே நம்பிவிட்டார். எனக்கு அவர் மேலேயும் ஆத்திரம் வந்தது. கோலப்பொடியை எடுத்துவந்து, நாற்காலியில் இருந்து வாசல் வரைக்கும் கோடு கோடாக இழுத்தேன். இழுத்த வேகத்தில் கோடெல்லாம் கோணல். "முதல்ல நீ கூப்புடுண்ணா" என்றேன். அண்ணன் கூப்பிட்டார். எழுந்து நின்றவர் அசையவில்லை. "இப்ப கோட்டப் பாருங்க" என்றேன். ஒவ்வொன்றாகத் தாண்டி, வாசல் வரை போய்விட்டார்.

அண்ணன் தொடையில் தட்டினார். "பாத்தியா! நான் கூப்ட்டா நிக்கறாரு, நீ சொன்னா நடக்கறாரு. இதுக்குப் பேரு நடிப்பு இல்லாம இன்னா?"

எதை வைத்து நிரூபிக்கலாம் என்று நினைத்தேனோ, அதுவே எதிர்சாட்சி ஆகிவிட்டது. கத்திவிட்டேன். அண்ணன் முன்னால் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"ஒரே ஒரு ராத்திரி இங்க தங்கு. விடியக்கால அவுரு கத்துறப்ப வந்து உன் கண்ணால பாரு. முழிச்சினு இருந்துதான் கைய ஓங்குறாருன்னா நானே முன்னால வந்து கார்ல ஏறுறேன். இல்லன்னா இந்தப் பேச்ச இத்தோட உடு."

அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

சொன்ன பிறகுதான் எனக்கு மாத்திரை ஞாபகம் வந்தது. மாத்திரை போட்டால் பன்றி வராமலே போகலாம். வராவிட்டால் அண்ணன் அழைத்துக்கொண்டு போகாமல் விடமாட்டார், இவரும் போ என்றுதான் சொல்வார். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒருநாள் நிறுத்தினால் என்ன என்று புத்தி போனது. அப்புறம் தண்ணீரோடு கொடுத்துவிட்டேன். நம்பாத ஜனங்களுக்காக அவர் உடம்பை வைத்துச் சூதாடுவதா? ஆனால் படுத்துக்கொண்டு, பன்றி வரட்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டேன். உலகத்தில் எவளாவது இப்படி வேண்டியிருப்பாளா?

கோலம் போட எழுந்திருக்கிற நேரத்துக்கு அவர் கால் முதலில் துடித்தது. அப்புறம் ஓட்டம். அப்புறம் அந்தப் பழைய குரல்.

"ஏய்! ஏய்! அங்க அவ நிக்கறா! அந்தாண்ட போ! போ!"

கை வீசினார். தலையணை உருண்டு சுவரில் விழுந்தது. அண்ணன் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். விளக்கைப் போட்டேன். மூடின கண், மூடினபடி. கால் மட்டும் கொல்லை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. நான் எட்ட இருந்தே மெதுவாகப் பேர் சொல்லாமல் கூப்பிட்டேன். டாக்டர் உலுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். கொஞ்ச நேரத்தில் முழித்தார். குரல் மறுபடி சிறுத்துவிட்டது.

"உன்ன அடிச்சிட்டனா?"

தினமும் அவர் முழித்ததும் கேட்கிற முதல் கேள்வி அது. பன்றி எப்போதும் என்னைப் பார்த்துத்தான் வருமாம். குறுக்கே விழுந்து தடுப்பாராம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சினிமா வசனம் என்று சிரிப்பார்கள்.

"இல்ல. தலகாணிதான் வாங்கிச்சு" என்றேன்.

அண்ணன் கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். விடிந்ததும் காபி கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். "எனக்கு இன்னா தெரியும் பாப்பா" என்றார். தெரியாதது தப்பில்லை, தெரியாமலே எழுதியதுதான் தப்பு என்றேன். அரிசிப் பானையில் இருந்து என் போனை எடுத்து, அவர் எழுதினதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இத எடுத்துட்டா போதுமா?"

"எடுக்கக் கூடாது. அதே வீடியோவ மறுபடி போடு. அதே வார்த்தைய எழுது. 'டி' மேல இருக்கிற விலங்க மட்டும் எடுத்துடு."

தடித்த விரலால் தன் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். 'நல்லா நடக்கிறார் எங்க மாப்ள.' கொஞ்ச நேரத்தில் சித்தி மகள் கேட்டாள்: 'முன்ன போட்டது எழுத்துப் பிழையா?' அண்ணன் என்னைப் பார்த்தார். பிழை அவருடையது, பதிலையும் அவரே எழுதட்டும். 'என் பிழை' என்று போட்டார். அதற்கு யாரும் பொம்மை போடவில்லை.

இதனால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். எதிர் வீட்டுக்காரம்மா இன்னும் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஊரில் இருக்கிற ஒவ்வொருத்தரையும் என் வீட்டில் படுக்கவைத்து நான் விடியற்காலையைக் காட்ட முடியாது.

அண்ணன் கிளம்பும்போது வழியனுப்ப அவரும் எழுந்து வந்தார். நேற்றுப் போட்ட கோடெல்லாம் எங்கள் கால் பட்டு அழிந்திருந்தது. வாசற்படியில் ஒட்டிக்கொண்டார். நான் கோலப்பொடி எடுக்க உள்ளே திரும்பினேன். அண்ணன் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்து, அவர் பாதத்துக்கு முன்னால் தன் பாதத்தைக் குறுக்கே வைத்தார்.

"தாண்டு மாப்ள."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். பெரியவர் காலைத் தாண்டுவதா? எங்கள் பக்கம் படுத்திருக்கிற குழந்தையைக்கூட யாரும் தாண்ட மாட்டார்கள்.

"மச்சான் கால் அது" என்றார், காதில் விழுந்தும் விழாததுமாக.

"தெரியும். தாண்டு" என்றார் அண்ணன். காலை எடுக்கவில்லை.

அவர் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். தாண்டினார்.